அந்தக் கிளி என்னுடையது

அந்தக் கிளி என்னுடையது. நெற்கதிரைக் கவ்விக்கொண்டு, கழுத்தை வளைத்துப் பின்னால் திரும்பிப் பார்க்கிற கிளி. உடம்பெல்லாம் கெம்பு, கண்ணுக்கு மட்டும் ஒரு வெள்ளைக்கல். நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டுப் பட்டறையில் அப்பா வரைந்து, நான் கல் பதித்துப் பிறந்தது அது. இன்றைக்குச் சென்னையில் ஒரு பெரிய நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் படம். வடிவமைத்தவர் என்று அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கிளியைத் தரிசித்தபோது மனத்தில் உதித்தது, அன்று இரவே வரைந்து முடித்தேன் என்று ஒரு பேட்டியில் அவர் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்கிறேன், ஆண்டாளின் கிளியை நீங்கள் நின்று பார்த்தீர்களா அம்மா? அதைத் தினமும் புதிதாக இலையில் கட்டுகிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ வைக்கிறார்கள். அது கதிரைக் கவ்வுவதில்லை. பின்னால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. தாயாரோடு இருக்கிற கிளிக்கு என்ன பயம்? எங்கள் கிளிதான் பயந்த கிளி.

அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டு வயலுக்கு இரண்டு போகம், கன்னிப்பூ, கும்பப்பூ. கதிர் முற்றுகிற நாட்களில் கிளிகள் கூட்டமாக இறங்கும். காவல் நிற்கிற பிள்ளைகள் தகரத்தைத் தட்டினால் எல்லாம் எழும்பிப் பறந்துவிடும். ஏதோ ஒன்று மட்டும் வாயில் எடுத்த கதிரை விட மனசில்லாமல் வரப்பில் நின்று திரும்பிப் பார்க்கும். புத்தேரிப் பக்கம் சைக்கிளில் வந்துகொண்டிருந்த அப்பா அந்தக் கழுத்தைப் பார்த்தார். பசியும் பயமும் ஒன்றாகச் சேர்ந்த அந்தத் திருப்பத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் என் தம்பியின் சிலேட்டை வாங்கி வரைந்தார். "மக்களே, இந்தக் கழுத்த வெள்ளியில திருப்ப முடியுமான்னு பாப்போம்" என்றார்.

தூண்டுதல் எது, பின்னணி எது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். எங்களிடம் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சுசீந்திரத்தைச் சொல்லியிருப்பேன். தாணுமாலயனைக் கும்பிட்ட பிறகு அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டிவர மாட்டார். விளக்கேந்தி நிற்கும் பாவைகள் முன்னால் ஒவ்வொன்றாக நிறுத்துவார். முகத்தைப் பார்க்கவிட மாட்டார். காதைப் பார், கழுத்தைப் பார், இடுப்பைப் பார் என்பார். ஒட்டியாணத்தின் நடுப்பதக்கம் எங்கே தொடங்குகிறது, தொங்கல் எத்தனை விரல்கடை இறங்குகிறது, வங்கி எந்த இடத்தில் தோளைப் பிடிக்கிறது, எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார். தவறாகச் சொன்னால் திரும்பவும் முதல் தூணிலிருந்து. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்துக்குக் கூட்டிப்போனபோது அங்கே நாயக்கர் காலத்துச் சிலைகளின் மாலையில் மணி மணியாகக் கல்லில் கொத்தியிருப்பதைக் காட்டி, "கல்தச்சனுக்கு எட்டினது தட்டானுக்கு எட்டாதா?" என்று கேட்டார். கன்னியாகுமரி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கென்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதின என்கிற கதையை எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்திருப்பார்கள். எனக்கு அந்தக் கதையைச் சொன்ன கையோடு, ஒரு கல் அவ்வளவு தூரம் ஒளிர வேண்டுமானால் அதற்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். எனக்கு அப்போது வயது பத்துகூட ஆகவில்லை.

அடியில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலே. வெள்ளியை உருக்கித் தகடாக அடித்து, உருவத்தை வெட்டி, ஒவ்வொரு கல்லும் உட்கார வேண்டிய இடத்துக்குத் தனித்தனியாக மெல்லிய பட்டையால் வரம்பு கட்ட வேண்டும். வெண்காரம் தடவி, பொடி வைத்து, சிரட்டைக்கரி நெருப்பை ஊதுகுழலால் ஊதிப் பற்றவைக்க வேண்டும். ஊதுகிற மூச்சு ஒரு நொடி கூடினால் பக்கத்துப் பற்றும் சேர்ந்து இளகி விழுந்துவிடும். பிறகு குழியில் அரக்கை நிரப்பி, கல்லை இருத்தி, சுற்றிலும் சொக்கத் தங்க ரேக்கை முனை மழுங்கிய ஊசியால் அழுத்தி அழுத்திச் சேர்க்க வேண்டும். நாங்கள் கல் கட்டுகிற முறையில் பின்பக்கம் மூடியிருக்கும். முன்னால் நுழைகிற வெளிச்சம் அடியில் பட்டுத் திரும்பி வந்தால்தான் கெம்பு சிவக்கும். நடன மேடை விளக்கில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அந்தச் சிவப்புத் தெரிய வேண்டும். அந்தச் சிவப்பைக் கல் தருவதில்லை. நாங்கள் தருகிறோம்.

கிளியின் கழுத்து எங்களைப் படுத்திய பாட்டை நான் எப்படிச் சொல்வது! தகட்டை வளைத்தால் கட்டிய வரம்பு பிளந்தது. கட்டிய பிறகு வளைத்தால் அரக்கு விண்டு கல் தெறித்தது. கடைசியில் கழுத்தைத் துண்டு துண்டாகச் செய்து, மீன்செதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பற்றவைத்தோம். அதைக் கண்டுபிடித்தது நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து "ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து தலைகுனிந்து என் பாதி ஆயுள் போனது. ஆள் இருக்கிறது. நான்தான் அந்த ஆள்.

அப்பா கதிரில் ஒரு மணிக்குக் குழி மட்டும் கட்டிவிட்டுக் கல் வைக்க வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். "அத அது தின்னாச்சு மக்களே" என்றார்.

அந்தப் பதக்கத்தைச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் மாதிரிக்கென்று வாங்கிப் போனார். அக்கா, அக்கா என்று என் அம்மா போட்ட காப்பியைக் குடித்தார். நடனப் பிள்ளைகளுக்கு முழு செட் வரும், நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, அட்டிகை, ஒட்டியாணம் எல்லாவற்றிலும் இந்தக் கிளியையே வைத்துச் செய்யலாம், வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்றார். ஆர்டர் வரவே இல்லை. அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் கிளியை என்ன செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பதக்கத்தை ரப்பரில் வைத்து வேகவைத்தால் அச்சு கிடைத்துவிடும். அச்சுக்குள் மெழுகைச் செலுத்தினால் மெழுகுக் கிளி. மெழுகுக் கிளிகளை ஒரு தண்டில் கொத்துக் கொத்தாக ஒட்டி, மேலே மாவு ஊற்றி இறுகவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றினால் ஒரே நாளில் ஒரு கூட்டம் கிளிகள். எங்கள் கழுத்துச் செதில்கள் அதில் வெறும் கோடுகளாக இருக்கின்றன.

அப்பா இறந்த பிறகு நான் அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவற்றைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னேன். கதிரில் அந்த மணியின் இடம் குழியாகவே இருந்தது! அச்சுக்கு என்ன தெரியும், அது அப்பா விட்ட பள்ளத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது. விற்பனைக்கு நின்ற தம்பி அதைப் பார்த்துவிட்டு, "கல் விழுந்திருக்கும்மா, இப்பவே வெச்சுத் தந்துடுறோம்" என்றான். தம்பி, அது விழவில்லை. கிளி தின்ற மணி அது. அன்று இரவே வரைந்து முடித்தவரைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் ஏன் கல் இல்லை என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லட்டும். நான் அந்தக் கடையின் நடுவில் நின்று இதைத்தான் கேட்டேன். காவலாளி வந்து என்னை வெளியே அனுப்பினார்.

வழக்குப் போடு என்கிறார்கள். எங்கள் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1999-ஆம் ஆண்டுச் சட்டம். 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறது. அது காப்பது ஊரின் பெயரை. கடைக்காரர்கள் ஊரின் பெயரைப் போடுவதில்லையே! "டெம்பிள் கலெக்ஷன்" என்று போடுகிறார்கள். சட்டம் அந்தச் சொல்லின் வாசலோடு நின்றுவிடுகிறது. வடிவத்துக்கென்று 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. ஆனால் புதிய வடிவமாக இருக்க வேண்டும், வெளியே வருவதற்கு முன்பே பதிய வேண்டும். பாட்டன் செய்த அன்னத்தையும் யாளியையும் பதியப் போனால் அது பழையது, ஊருக்குப் பொது என்பார்கள். அப்பா செய்த கிளியைப் பதியப் போனால் அதுதான் ஏற்கெனவே கடையில் விற்கிறதே என்பார்கள். பழையதென்றால் எல்லோருக்கும், புதியதென்றால் முந்திக்கொண்டு எழுதியவருக்கு. செய்தவர்களுக்கு எந்தப் பக்கத்தில் இடம்?

இந்த மண் எங்களைக் கண்ணியமாக நினைத்த காலம் எது? தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழி செய்துவைத்தீர்கள். சிலப்பதிகாரத்தில் எங்கள் ஆள் ஒருவன் வருகிறான். அவன் திருடன், பொய்யன், கோவலன் உயிர் போகக் காரணமானவன். அந்தப் பழிக்குச் சாந்தியாகப் பின்வந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலிகொடுத்தான் என்று அதே நூல் சொல்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர்! பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த வயதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கண்ணகியின் வழக்கு எதனால் வென்றது? சிலம்புக்குள் மாணிக்கம் இருந்ததால். வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத அந்த மாணிக்கத்தை உள்ளே இட்டு மூடியவனும் ஒரு பொற்கொல்லன்தானே? பாண்டியன் அவையில் உண்மையைச் சொன்னது அவன் கைவேலை. அவனை யாராவது பாடினீர்களா?

என் தாத்தாவின் கதையும் இதுதான். சீனாவோடு போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். அந்தப் பொன்னில் 100-க்கு 40 பங்குக்கு மேல் வேறு உலோகம். அது எங்கள் சுத்தியலுக்கு இணங்காது, மெல்லிசாக அடித்தால் விளிம்பில் வெடிக்கும். வாங்கவும் ஆளில்லை. நாடு முழுக்கப் பட்டறைகள் அணைந்தன. தட்டார்கள் உயிரை மாய்த்துக்கொண்டது நாடாளுமன்றம் வரைக்கும் பேசப்பட்டது. தாத்தா சாகவில்லை. சாமணத்தையும் கம்பி இழுக்கிற அச்சையும் விற்றுவிட்டுக் கதம்பை அடிக்கப் போனார். குன்றிமணியில் எட்டில் ஒரு பங்கை விரல்நுனியில் எடைபோடத் தெரிந்த கை அது. அந்தக் கை தேங்காய் மட்டையோடு மல்லுக்கட்டியது. 1966-இல் கெடுபிடி தளர்ந்தது என்றார்கள், 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டையே சட்டமாக்கினார்கள், 1990-இல்தான் எடுத்துப்போட்டார்கள். அதற்குள் தாத்தாவின் விரல்கள் தடித்துவிட்டன. நுண்ணிய வேலை அவருக்குத் திரும்பி வரவே இல்லை. ஒரு தலைமுறையின் விரல்களை இப்படி அழித்ததற்கு இதுவரைக்கும் யாராவது எங்களிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கிறார்களா?

பிறகு கே.டி.எம். வந்தது. கடைகள் அதைச் சுத்தத்தின் முத்திரையாக விளம்பரம் செய்தன, மக்களும் கேட்டு வாங்கினார்கள். அது காட்மியம் கலந்த பற்று. உருகும்போது எழுகிற புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தின்னும். நடன நகைக்கு ஆர்டர் குறைந்த வருஷங்களில் அப்பா தங்கக் கடைகளுக்குப் பற்றவைத்துக் கொடுத்தார். காற்றில்லாத அறை, ஒரு ஜன்னல், மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு. கடைசி நாட்களில் ஊதுகுழலைத் தூக்கினாலே அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. எதனால் என்று எந்த மருத்துவச் சீட்டிலும் எழுதவில்லை. காட்மியம் கூடாதென்று தடுத்த பிறகும், அதை ஆண்டுக்கணக்கில் மூச்சாக இழுத்தவர்களைத் தேடி யாரும் வரவில்லை.

இப்போது ஹால்மார்க். 2021-இல் கட்டாயமாக்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் இட்ட ஒவ்வொரு தங்க நகைக்கும் எழுத்தும் எண்ணுமாக 6 இடங்கள் கொண்ட ஓர் அடையாளக் குறி. வாங்குபவர் ஏமாறக்கூடாது, நல்லது, நான் மறுக்கவில்லை. அந்தக் குறியைப் போனில் அடித்துப் பாருங்கள். முத்திரை போடக் கொடுத்த நகைக்கடை யார் என்று வரும். சோதித்த இடம் எது என்று வரும். என்ன தரம், என்ன வகை நகை என்றெல்லாம் வரும். செய்தது யார் என்று வராது. ஒவ்வொரு நகைக்கும் பிறப்புச் சான்று எழுதுகிறீர்கள். அதில் பெற்றவள் பெயருக்கு ஒரு கட்டம்கூட ஏன் இல்லை? செய்கூலி என்றும் சேதாரம் என்றும் வாடிக்கையாளரிடம் சதவிகிதம் சதவிகிதமாக வாங்குகிறார்களே, அந்தச் செய்கூலி செய்தவர் கைக்கு வருகிறது என்று நம்பித்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். எங்கள் கைக்கு வருவது என்ன என்று ஒருமுறை பட்டறைக்கு வந்து பாருங்கள். சிந்திய பொடியைப் பாயை உதறிக் கூட்டி அரித்தெடுத்துக் கணக்குக் கொடுத்தாலும், எடை குறைகிறதே என்று எங்கள் கூலியில் பிடிக்கிறார்கள். உங்களிடம் வாங்கிய சேதாரம் எங்கே போனது?

மேடைக்கு வாருங்கள். ருக்மிணி தேவி 1935-இல் அடையாற்றில் ஆடி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். கோயில் சிலைகளைப் பார்த்து ஆடையையும் அணியையும் மாற்றியமைத்தார். அதன் பிறகு பரதம் உலகம் முழுக்கப் போனது, தலைசாமானும் கூடவே போனது. இன்று டொராண்டோவில் அரங்கேற்றம் என்றாலும் சிங்கப்பூரில் அரங்கேற்றம் என்றாலும் பிள்ளையின் நெற்றியில் இருப்பது வடசேரி. நிகழ்ச்சி முடிவில் நன்றி சொல்கிறார்கள். குரு, பாடியவர், மிருதங்கம், வயலின், ஒப்பனை, விளக்கு, ஒலி, சாப்பாடு போட்டவர் வரை பெயர் சொல்கிறார்கள். எல்லோருக்கும் சால்வை. நகை செய்தவர் பெயரை நான் ஒரு மேடையிலும் கேட்டதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்கள் 400 பேரையும் பெயர் பெயராக வெட்டினான். கொடுத்த நகையின் எடையையும் பதித்த முத்துகளின் எண்ணிக்கையையும் வெட்டினான். கோயில் பணியாளர் பட்டியலில் தட்டானுக்கும் பங்கு எழுதினான். கல்வெட்டில் கிடைத்த இடம் அச்சடித்த அழைப்பிதழில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்மீது எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. படித்தவர், வரையத் தெரிந்தவர், பேசத் தெரிந்தவர். வடசேரியில் ஒரு பட்டறையில் பார்த்தேன், ஒரு தகப்பனும் மகளும் செய்தார்கள், பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் அந்தப் பேட்டியைச் சட்டம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பேன். கிளியை எடுத்துக்கொண்டதைக்கூட என்னால் பொறுக்க முடியும். அதை அப்பா பார்த்த அந்த நேரத்தையும் எடுத்துக்கொண்டார்களே! வரப்பையும் தகரச் சத்தத்தையும் சிலேட்டையும் என் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஓர் இரவையும் ஒரு தரிசனத்தையும் வைத்துவிட்டார்களே! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி இந்தத் தொழிலுக்கு வரவில்லை. வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். அவனை நான் குறைசொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் சுத்தியல் சத்தம் கேட்கிற வீடுகளை இப்போது விரலில் எண்ணிவிடலாம்.

இந்த வருஷத்திலிருந்து நான் செய்கிற ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அப்பாவின் பெயரையும் என் பெயரையும் கொத்துகிறேன். உளிமுனையால், ஆழமாக. அண்மையில் ஒரு கடைக்கு முழு செட் செய்து அனுப்பினேன். தலைசாமானிலிருந்து ஒட்டியாணம் வரை எல்லாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை நன்றாக இருக்கிறதாம். பின்னால் இருக்கிற பெயர்களை அரம்போட்டுத் தேய்த்துத் தந்தால் இப்போதே பணம் தருவதாகச் சொன்னார்கள். கடன் வாங்கி வெள்ளி எடுத்தேன். ரேக்குக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் நின்ற தரகர், "பின்பக்கத்த யாரும்மா பாக்கப் போறா, தேச்சிட்டா என்ன?" என்று கேட்டார்.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் அது இருப்பதில் உங்களுக்கு என்ன தொல்லை? செட் என்னிடம்தான் இருக்கிறது. பணத்துக்கு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தேய்க்க மாட்டேன்.